ஆறு மாதம் கடந்த திரிகள்

இணையத்தில் தமிழர்கள் கூடிப் பேசுவதற்கென்று இருந்த ஒரு மன்றத்தில் நான் நான்கு வருடம் மட்டுறுத்துநராக இருந்தேன். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். சண்டை போடுகிறவர்களை விலக்கிவிடுவது, அசிங்கமாக எழுதியதை நீக்குவது, சமையல் பகுதியில் யாராவது அரசியல் பேசினால் அதைத் தூக்கி அரசியல் பகுதியில் போடுவது, இவ்வளவுதான். கல்யாண வீட்டு வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்கிற ஆள் மாதிரி ஒரு வேலை. சம்பளம் கிடையாது. ஆனால் மற்றவர்கள் பெயரெல்லாம் நீல எழுத்தில் வரும்போது மட்டுறுத்துநர் பெயர் மட்டும் பச்சையில் வரும். அந்தப் பச்சைக்கு நான் ரொம்ப ஆசைப்பட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மன்றம் என்றால் என்ன என்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது, அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு தலைப்பு வைத்து எதையாவது எழுதுவார். மற்றவர்கள் அதன் கீழே மறுமொழி எழுதிக்கொண்டே போவார்கள். இதற்குத் திரி என்று பெயர். ஒரு திரியில் யாராவது புதிதாக ஒரு வரி எழுதினாலும் அது முகப்புப் பக்கத்தில் முதலாவதாக வந்து நிற்கும். யாரும் எழுதாவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, இரண்டாம் பக்கம், இருபதாம் பக்கம் என்று போய் ஒரேயடியாகக் கண்ணில் படாமல் போய்விடும்.

நான் சொல்ல வந்தது, அப்படிக் கீழே போன ஒரு திரியை என் மனைவி மேலே கொண்டுவந்ததையும் நான் அதைப் பூட்டியதையும் பற்றி. அவள் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் அழவைப்பதற்காக எடுத்து வைத்திருந்தது போல் ஆகிவிடும்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நாங்கள் புதுச்சேரி லாஸ்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். எனக்கு மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை. பாட்டில்களுக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி, அதில் நான் குவாலிட்டி செக்கிங். மனைவி பக்கத்துத் தெருவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். பகல் ஒரு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுவாள். மகள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். முதலில் கொஞ்ச நாள் கதிர்காமத்தில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போய்த்தான் மன்றத்தைப் படித்தேன். மட்டுறுத்துநர் ஆனதும், அங்கே போய் ஆளுக்கு ஒரு தட்டியின் பின்னால் உட்கார்ந்துகொண்டு ஊர் சண்டையைத் தீர்ப்பது கௌரவமாகப் படவில்லை. வீட்டிலேயே கம்ப்யூட்டர் வாங்கி பிராட்பேண்ட் போட்டுக்கொண்டேன். மகள் படிப்புக்கு என்று சொல்லித்தான் வாங்கினேன். எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்லித்தான் வாங்கினார்கள்.

மன்றத்தை நடத்தியவர் பாரீஸ் பக்கம் இருந்தார். பூர்வீகம் புதுச்சேரிதான், சொல்தா குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர், பேரப்பிள்ளைகள் காலத்தில் குடும்பமே அங்கே போய்விட்டது. அவர் எழுதும் தமிழில் ஓர் ஆங்கிலச் சொல் இருக்காது. போனில் பேசினால் சரி என்பதற்குப் பதில் பிரெஞ்சில் ‘தக்கோர்’ என்பார். நான் அவரை நேரில் பார்த்ததே இல்லை. என்னைப் பச்சை ஆக்கியவர் அவர் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு மரியாதை இருந்தது.

பழைய திரிகளுக்கு வருகிறேன். தமிழர்கள் இணையத்தில் தேதியைப் பார்ப்பதே இல்லை. நான்கு வருடம் பார்த்தவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். கூகுளில் எதையோ தேடிக்கொண்டு வருவார்கள், எங்கள் மன்றத்தின் பழைய திரி ஒன்றில் வந்து விழுவார்கள், உடனே ‘அருமை நண்பரே, பகிர்வுக்கு நன்றி, தொடருங்கள்’ என்று எழுதிவிடுவார்கள். யாரைத் தொடரச் சொல்கிறார்கள்? எழுதியவர் மன்றத்தை விட்டுப் போயே இரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒருவர் வேளச்சேரியில் வீடு காலி என்று எழுதிய திரியில், மூன்று வருடம் கழித்து ஒருவர் வந்து ‘தண்ணீர் வசதி எப்படி?’ என்று கேட்டார். கல்யாணப் பத்திரிகை போட்ட ஒருவருக்கு, அவர் பிள்ளை நடக்கத் தொடங்கிய பிறகு ‘இன்று மணமுடிக்கும் இணையர் பல்லாண்டு வாழ்க’ என்று வாழ்த்து வந்தது. அந்த ஆள் பொறுமைசாலி, நன்றி சொன்னார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

இவையெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயங்கள். சிரிக்க முடியாத ஒன்று நடந்ததால்தான் விதியே வந்தது. துபாயில் இருந்த ஓர் உறுப்பினருடைய அப்பா இறந்துபோனபோது யாரோ இரங்கல் திரி தொடங்கினார்கள். பல பேர் வருத்தம் தெரிவித்தார்கள், முடிந்தது. ஒரு வருடம் கழித்துப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைப் பார்த்து ‘ஆழ்ந்த இரங்கல்’ என்று எழுத, திரி மேலே வந்துவிட்டது. தேதி பார்க்காத மற்றவர்கள் வரிசையாக வந்து இரங்கல் சொன்னார்கள். சிலர் துபாய்க்கே போன் போட்டு, ‘அம்மாவா, அப்பாவா, எப்போ எடுக்குறாங்க?’ என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு உடம்பு சரியில்லாத அம்மா ஊரில் இருந்தார். போன் வந்ததும் அவர் அம்மாதான் போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டு, ஊருக்குப் பேசி விஷயம் தெரியும்வரை துடித்துப்போயிருக்கிறார். அதற்கப்புறம் அவர் மன்றத்துக்கு வரவே இல்லை.

நிர்வாகி என்னிடம் பேசி ஒரு விதி எழுதச் சொன்னார். நான்தான் எழுதினேன். கடைசி மறுமொழி வந்து ஆறு மாதம் கடந்த திரியில் யாரும் எழுதக் கூடாது. சொல்ல ஏதாவது இருந்தால் புதிய திரி தொடங்க வேண்டும். மீறினால் ஓர் எச்சரிக்கை. மூன்று எச்சரிக்கை ஆனால் ஒரு மாதம் எழுத முடியாது. எச்சரிக்கை வாங்கியவர் பெயருக்குக் கீழே சின்னதாகச் சிவப்பில் அந்த எண்ணிக்கை தெரியும், எல்லாரும் பார்க்கிற மாதிரி. நிர்வாகி படித்துவிட்டுத் தக்கோர் என்றார்.

விதி நல்ல எண்ணத்தில்தான் வந்தது. இன்றைக்கும் எனக்கு அதில் மாற்றுக் கருத்து இல்லை.

தானாகப் பூட்டிக்கொள்ளும் வசதி அந்த மென்பொருளில் இல்லை, ஆள்தான் பூட்ட வேண்டும். காலையில் ஐந்தரைக்கு எழுந்து நான் முதலில் செய்வது அதுதான். முகப்பைத் திறந்தால் முதல் பத்துத் திரிகளில் எப்படியும் ஒன்றிரண்டு பழையதாக இருக்கும். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, பக்குவமாக எழுதிக்கொண்டிருந்தேன். ‘ஐயா, தங்கள் ஆர்வம் மகிழ்ச்சி தருகிறது, ஆயினும்…’ என்று. ஐம்பது அறுபது பேருக்கு எழுதியதும் அலுத்துவிட்டது. ஒரு பத்தியை நோட்பேடில் எழுதி வைத்துக்கொண்டேன். அதை எடுத்து ஒட்டுவேன், பூட்டுவேன், எச்சரிக்கை கொடுப்பேன், அடுத்ததுக்குப் போவேன். அந்தப் பத்தி எனக்கு இன்னும் மனப்பாடம்:

‘நண்பரே, இது ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட பழைய திரி. பழைய திரிகளை மேலே கொண்டுவருவது மன்ற விதிகளுக்கு எதிரானது. தங்கள் கருத்தை உரிய தலைப்புடன் புதிய திரியில் பதியவும். இத்திரி பூட்டப்படுகிறது.’

ஒரு கட்டத்துக்குப் பிறகு, அவர்கள் எழுதியது என்ன என்றுகூட நான் பார்ப்பதில்லை. தேதியைப் பார்த்தால் போதும். தேதி தவறு என்றால் உள்ளே எழுதியிருப்பது எதுவானாலும் தவறுதான்.

அப்படி ஒரு நாள். கம்பெனியில் அன்றைக்கு ஆடிட், ஏழரைக்கே போயாக வேண்டும். முகப்பில் மூன்று பழைய திரிகள் மேலே வந்திருந்தன. ஒன்று யாரோ எழுதிய கவிதை, ஒன்று பழைய ஃபிரிட்ஜை விற்பது பற்றியது, மூன்றாவது மருத்துவப் பகுதியில் இருந்த ஒன்று. மூன்றிலும் ஒட்டினேன், மூன்றையும் பூட்டினேன், மூன்று பேருக்கும் எச்சரிக்கை கொடுத்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுக் குளிக்கப் போனேன். மனைவி சமையலறையில் இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆடிட் நல்லபடியாக முடிந்தது.

மூன்றாவது திரியில் எழுதியிருந்தவள் அவள்தான். எனக்கு அது அப்போது தெரியாது.

அதற்கப்புறம் ஆறு மாதத்துக்குக் கொஞ்சம் குறைவான காலம் ஒன்றுமே நடக்கவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் நடப்பதெல்லாம் நடந்தது. மகள் பரீட்சை எழுதினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் நோணாங்குப்பம் போய்ப் படகில் ஏறித் திரும்பினோம், வெயிலில் எனக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம். அன்று எடுத்த போட்டோவில் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சிரிப்பில் ஏதாவது தெரிகிறதா என்று பின்னால் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒன்றும் தெரியவில்லை.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே, “சனிக்கிழமை லீவு போட முடியுமாங்க?” என்று கேட்டாள்.

“எதுக்கு?”

“ஆஸ்பத்திரிக்குப் போவணும். தனியாப் போவ ஒருமாரி இருக்குது.”

பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் திரைக்குப் பின்னால் அழைத்துப்போய்ப் பார்த்தார். வெளியே வந்து எழுதிக்கொண்டே, “எவ்ளோ நாளா இருக்குது?” என்று கேட்டார். என் மனைவி பதில் சொல்வதற்கு முன்னால் என்னை ஒரு தரம் பார்த்தாள். எதற்குப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

“ஆறு மாசம் இருக்கும்” என்றாள்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, “கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாமேம்மா” என்றார். திட்டுகிற குரலில் சொல்லவில்லை. எவ்வளவு முன்னால் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள எனக்கு அன்றைக்கும் தைரியம் இல்லை, பிறகும் வரவில்லை.

வராந்தாவில் வைத்து நான் அவளைத் திட்டினேன். “ஆறு மாசமா ஒரே வீட்டுலதான இருக்கோம்? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? நான் இன்னா செத்தா போயிட்டேன்?”

“சத்தம் போடாதீங்க. எல்லாரும் பாக்குறாங்க” என்றாள்.

“பாக்கட்டும்.”

அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு சீட்டு வாங்கும் வரிசையில் போய் நின்றாள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் பயத்தினால் வந்தது என்று இப்போது தெரிகிறது. அப்போது அது வெறும் கோபமாகத்தான் இருந்தது. நியாயமான கோபம் என்றும் நினைத்தேன்.

ஊசியில் எடுத்துப் பார்த்தார்கள். புற்றுநோய் என்றார்கள். அக்குளிலும் பரவியிருந்தது. ஆபரேஷன் முடிந்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ ஏற்றினார்கள். இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்போதும் ஆகவில்லை. உள்ளுக்குள் ஏதோ ஒரு சுவிட்சை அணைத்துவிட்ட மாதிரி நாட்கள் போயின. கீமோ நாளில் லீவு, மற்ற நாளில் டியூட்டி. பெட்டிக்கு இருபது மூடி எடுத்துத் திருகிப் பார்த்தேன். காலையில் ஐந்தரைக்கு எழுந்தேன், பழைய திரிகளைப் பூட்டினேன். மன்றத்தில் யாரிடமும் வீட்டு விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் யாராவது திரி தொடங்கிவிடுவார்கள்.

இரண்டாவது கீமோ முடிந்த வாரத்தில் நிர்வாகியிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மன்றத்தில் சிலர் இரண்டு மூன்று பெயர்களில் புகுந்து தங்கள் கவிதையைத் தாங்களே பாராட்டிக்கொள்கிறார்கள் என்று புகார் வந்துகொண்டிருந்த நேரம். யார் எந்த இணைப்பிலிருந்து எழுதுகிறார் என்பது நிர்வாகிக்குத் தெரியும். அவர் மொத்தப் பட்டியலையும் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். மிகவும் தயங்கி, நீண்ட முன்னுரை எழுதி, கடைசியில் கேட்டிருந்தார்: தங்கள் இணைப்பிலிருந்தே வேறொரு பெயரிலும் பலமுறை உள்நுழைந்திருப்பதாகத் தெரிகிறது, தாங்களே விளக்கம் அளித்தால் நன்று.

எனக்கு ஆத்திரமாக வந்தது. விதியை எழுதியவனே விதியை மீறுவானா? அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை என்று எழுதத் தொடங்கினேன். பெயரை இன்னொரு தடவை பார்த்தேன். கேள்விப்பட்ட பெயர்தான். எங்கள் மகள் பிறந்தபோது அவளுக்கு வைக்கலாம் என்று என் மனைவி ஆசைப்பட்டு, என் அம்மா வேறு பெயர் சொன்னதால் விட்டுவிட்ட பெயர் அது. அதைப் பற்றி நாங்கள் பேசியே பதினைந்து வருடம் ஆகியிருந்தது.

அந்தப் பெயரில் மூன்றே பதிவுகள் இருந்தன. முதலாவது, சமையல் பகுதியில் வத்தக்குழம்பு கசக்கிறது என்று கேட்ட ஒரு பெண்ணுக்குச் சொன்ன யோசனை. இரண்டாவது, பள்ளிக்குப் போன பிள்ளை அங்கே வாயே திறப்பதில்லை என்று கவலைப்பட்ட ஒரு தாய்க்கு எழுதியது. அதை நிறைய எழுதியிருந்தாள். பதமாக, அந்தத் தாயின் மனம் நோகாமல், நன்றாக எழுதியிருந்தாள். அவ்வளவு நன்றாக எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது.

மூன்றாவது பதிவு அந்த மருத்துவத் திரியில் இருந்தது. இரண்டரை வருடத்துக்கு முன்னால் ஒரு பெண், மார்பில் கட்டி மாதிரி இருக்கிறது, வலி இல்லை என்று கேட்டிருக்கிறார். அப்போது மன்றத்தில் இருந்த ஒரு பெண் மருத்துவர் நிதானமாக, பயமுறுத்தாமல் பதில் சொல்லியிருக்கிறார். வேலைப்பளு என்று சொல்லி அந்த மருத்துவர் பிறகு மன்றத்தை விட்டு விலகிவிட்டார். என் மனைவிக்கு அது தெரிந்திருக்காது. அவர் எழுதியதற்குக் கீழே எழுதியிருந்தாள்:

‘டாக்டர் அம்மா, எனக்கும் இடது பக்கம் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. புளியங்கொட்டை அளவு. அழுத்தினால்கூட வலிக்கவில்லை. வலி இல்லையென்றால் விட்டுவிடலாமா, இல்லை உடனே போய்க் காட்ட வேண்டுமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை. மகளுக்குப் பரீட்சை நேரம். தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.’

அதற்குக் கீழே பச்சை எழுத்தில் என் பெயர். நண்பரே, இது ஆறு மாதங்களுக்கு மேற்பட்ட பழைய திரி.

படித்து முடித்துவிட்டு நான் என்ன செய்தேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். முதலில் நிர்வாகிக்குப் பதில் எழுதினேன். அந்தப் பெயர் என் மனைவியுடையது, ஒரே வீட்டில் இரண்டு உறுப்பினர்கள் இருப்பதை விதி தடுக்கவில்லை என்று. பிறகு அவள் பெயருக்குக் கீழே சிவப்பில் இருந்த எச்சரிக்கையை நீக்கினேன். நீக்கினால் காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் வரும். ‘தவறுதலாக வழங்கப்பட்டது’ என்று எழுதினேன். அதன் பிறகு சட்டை போட்டுக்கொண்டு டியூட்டிக்குப் போனேன். அன்றைக்கு நான்கு பெட்டி மூடிகள் தேறவில்லை என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினேன். சாயங்காலம் நிர்வாகியின் பதில் வந்திருந்தது: புரிந்தது, சிரமத்துக்கு வருந்துகிறேன், தங்கள் துணைவியாரும் தொடர்ந்து எழுத வேண்டும்.

நான் அழவில்லை. அழுகை வரும் என்று ஒரு வாரம் எதிர்பார்த்தேன், வரவில்லை. வெட்கம்தான் வந்தது. அது காலையில் பல் தேய்க்கும்போது வரும், பஸ்ஸில் வரும், அவளுக்குக் கஞ்சி ஆற்றும்போது வரும். அந்த மூன்று வரியைப் படித்திருந்தால், யாரோ முகம் தெரியாத பெண் என்றாலும், ‘உடனே போய்க் காட்டுங்கள் அம்மா’ என்று எழுதியிருப்பேனே. நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. எழுதியிருப்பேன். பூட்டுவதற்கு முன்னால் எழுதியிருப்பேன்.

அவள் ஏன் பழைய திரிக்குப் போனாள் என்றும் யோசித்துப் பார்த்தேன். பழைய திரியில் எழுதுகிறவர்கள் எல்லாரும் தேதி பார்க்கத் தெரியாதவர்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அவளுக்குத் தேதி பார்க்கத் தெரியும். பத்துப் பேர் கூடி நிற்கிற இடத்தில் இதை எப்படிக் கேட்பாள்? ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்து, ஏற்கெனவே ஒருத்தி கேட்டு ஒருவர் தன்மையாகப் பதில் சொன்ன இடமாகப் பார்த்துப் போயிருக்கிறாள். எழுதியவுடன் அது எல்லார் கண்ணிலும் படும்படி மேலே வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்காது.

கேட்காமலே இருந்துவிடலாம் என்றும் நினைத்தேன். நோயாளியிடம் போய் விசாரணை செய்கிற மாதிரி ஆகிவிடும். ஆனால் அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று தெரியாமல் அவள் முகத்தைப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது. பூட்டியது நான் என்று அவளுக்குத் தெரியுமா? அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கேட்டுவிட்டேன். மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். மனைவிக்கு முடி கொட்டிவிட்டிருந்தது, தலையில் ஒரு காட்டன் துண்டைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டாள், சும்மா இருந்தால் வாந்தி வருகிறது என்பாள். நான் எதிரே உட்கார்ந்து நாலு காம்பை எடுத்து உருவினேன்.

“மன்றத்துல நீ எழுதுனத பார்த்தேன்” என்றேன்.

கை நின்றது. பிறகு மறுபடி உருவ ஆரம்பித்தாள். “எத?”

“டாக்டருக்கு எழுதுனது.”

“ஓ” என்றாள். “பாப்பாதான் பேரு போட்டுக் குடுத்துச்சு. கொழம்பு பத்தி ஒரு அம்மா கேட்டிருந்தாங்கன்னு. உங்ககிட்ட சொல்ல வேணான்னேன். சிரிப்பீங்கன்னு.”

“பூட்டுனது நான்தான்.”

“தெரியுமே. பச்சையா இருந்துச்சே உங்க பேரு.”

இவ்வளவு சாதாரணமாகச் சொல்வாள் என்று நான் நினைக்கவில்லை. “தெரிஞ்சும் ஏன் என்கிட்ட ஒண்ணும் கேக்கல?”

“இன்னா கேக்குறது?” கீரையை முறத்தின் ஒரு பக்கமாக ஒதுக்கினாள். “நான்னு தெரியாமத்தான் பூட்டுனீங்கன்னு தெரியும். அதுல எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. சொல்லப்போனா நிம்மதியாத்தான் இருந்துச்சு.”

“நிம்மதியா?”

“ஆமா. விடியக்காலையில எழுந்து ஒண்ணு விடாம எல்லாத்தயும் படிக்கிறவரு. பெரிய விஷயமா இருந்தா, யாரா இருந்தாலும் ஒரு வார்த்த எழுதியிருப்பீங்க. உடனே ஓடும்மான்னு. ஒண்ணும் எழுதல. அப்ப பயப்படுற மாரி இல்லபோலன்னு நெனச்சுக்கிட்டேன். பாப்பாவுக்குப் பரீட்சை வேற. அப்பறம் அது பெருசாவுதுன்னு தோணுனப்பதான் உங்ககிட்ட லீவு கேட்டேன்.”

நான் கையில் இருந்த காம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் இலை ஒன்றும் பாக்கி இல்லை.

“படிச்சுட்டுத்தான பூட்டுனீங்க?” என்று கேட்டாள். குற்றம் சொல்கிற குரல் இல்லை. பரீட்சைத் தாளில் மதிப்பெண் சரியாகக் கூட்டியிருக்கிறதா என்று பார்க்கிற டீச்சர் குரல். ஆனால் கீரையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

இல்லை என்றால் என்ன ஆகும் என்று யோசித்தேன். அவள் வீட்டில் சொல்லாமல் அங்கே போய்ச் சொன்ன ஒரே விஷயம் அது. அதை ஒருவருமே படிக்கவில்லை என்று நான் அவளுக்குச் சொல்ல வேண்டும். ஆமாம் என்றால், படித்தும் விளங்கிக்கொள்ளாத முட்டாள் ஆகிவிடுவேன். முட்டாளாக இருப்பது பரவாயில்லை என்று தோன்றியது.

“ஆமா, படிச்சேன்” என்றேன். “இவ்ளோ பெருசா இருக்குன்னு தோணல.”

“அதான பார்த்தேன்” என்றாள். அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது. “டாக்டரு படிக்கலன்னாலும் நீங்க படிச்சீங்கன்னு எனக்கு ஒரு தைரியம் இருந்துச்சு.” முறத்தை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு மறுபடி கீரையை உருவ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றரை வருடம் இருந்தாள். அந்தப் பேச்சை அவள் திரும்ப எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் எழுதியதை நான் முதல்முதலாகப் படித்துப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது.